மரப்பன்னங்களை இனங்காணல்: இணைக்கவர்ச் சுட்டி

இணைக்கவர்ச் சுட்டி வினாவில் மாணவர் பலர் புள்ளிகளை இழப்பது, பொருத்தமற்ற இயல்பைத் தெரிவு செய்வதாலேயாகும். இலங்கையின் ஈரவலயக் காடுகளில் வளரும் நான்கு மரப்பன்னங்களைக் கொண்டு இதனை விளங்கிக் கொள்வோம்.

1. அறிந்திருக்க வேண்டியவை

* பன்னங்கள் பூக்காத, வித்துகளை உண்டாக்காத தாவரங்கள். இவை வித்திகள் மூலம் பரம்புகின்றன. (வித்து வேறு, வித்தி வேறு. விடையில் மாற்றி எழுதாதீர்கள்.)
* முதிர்ந்த இலையின் கீழ்ப்புறத்தில் காணப்படும் கபிலநிறப் புள்ளிகள் நோயோ பூச்சிமுட்டையோ அல்ல. அவை வித்திக்கலன்களின் கூட்டங்கள்.
* இந்நான்கும் நெருங்கிய உறவுள்ளவை. நீண்டகாலமாகச் சையாத்தியா என்னும் ஒரே சாதியில் வைக்கப்பட்டிருந்தன. இன்றைய நூல்களில் அல்சோபிலா முதலிய சாதிப்பெயர்களும் காணப்படும்.

2. சுட்டி

1 அ. இலை சீறிலைகளாகப் பிரியவில்லை – சை. சினுவேற்றா
1 ஆ. இலை பிரிந்துள்ளது – 2 இற்குச் செல்க

2 அ. ஒரு தடவை மாத்திரம் பிரிந்துள்ளது – சை. ஹூக்கெறி
2 ஆ. சீறிலைகளும் மீண்டும் பிரிந்துள்ளன – 3 இற்குச் செல்க

3 அ. இலைக்காம்பைச் செதில்கள் அடர்த்தியாக மூடியுள்ளன – சை. கிறினிற்றா
3 ஆ. இலைக்காம்பு கருநிறமானது, செதில்கள் உதிர்ந்து சொரசொரப்பாக இருக்கும் – சை. ஜைகன்றியா

பெயரின் பொருளை அறிந்தால் மனதில் நிற்கும். சினுவேற்றா = அலைவிளிம்புடையது; கிறினிற்றா = நீள்மயிருடையது; ஜைகன்றியா = மிகப் பெரியது. ஹூக்கெறி என்பது தாவரவியலாளர் ஹூக்கரின் நினைவாக இடப்பட்டது.

3. எங்கே தவறுகிறோம்?

ஹோட்டன் சமவெளி போன்ற மலைக்காடுகளில் கிறினிற்றா வளர்கிறது. அதன் இளந்தாவரத்தின் இலைகள் முதிர்ந்தவற்றைப் போல அதிகம் பிரிந்திருப்பதில்லை. அந்த இலையுடன் சுட்டியைத் தொடங்கினால் 2 அ இல் நின்று, "ஹூக்கெறி" என்ற பிழையான விடை கிடைக்கும். சுட்டி சரி, எடுத்த மாதிரியே பிழை! ஆகவே வித்திக்கலன் கூட்டங்கள் உள்ள முதிர்ந்த இலையையே எடுக்க வேண்டும்.

மறுபக்கமாக, சினுவேற்றா முதிர்ந்த பின்னும் பிரியாத இலையையே கொண்டது. இது இலங்கைக்கே உரித்தான தாழ்நில மழைக்காட்டு இனம். வேறொரு பன்னத்தின் குட்டி என எண்ணி இதனை வெட்டினால், உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒன்றையே வெட்டுகிறோம். சரியாகப் பெயரிடுவது பாதுகாப்பின் முதற்படி.

4. மாதிரி வினா

மாணவன் ஒருவன் மேற்படி தாவரங்களை "உயரமானவை / குட்டையானவை" எனப் பிரித்தான். இது பொருத்தமற்றது என்பதற்கு இரு காரணங்கள் தருக.

விடை:
(i) உயரம் தாவரத்தின் வயதுடனும் ஒளி, நீர், மண் போன்ற சூழற் காரணிகளுடனும் மாறும்.
(ii) "உயரம்", "குட்டை" என்பவற்றுக்குத் திட்டமான எல்லை இல்லை; ஆளுக்காள் வேறுபடும்.

ஞாபகத்திற் கொள்க: ஒவ்வொரு படியிலும் ஒரே இயல்பின் இரு எதிர்நிலைகளே வர வேண்டும். n இனங்களைப் பிரிக்க n – 1 படிகள் தேவை. நான்கு இனங்கள் எனின், மூன்று படிகள்.