பொலிப்பன்றியில் மறைந்திருக்கும் குறை

விதைநெல்லை முளைக்கவைத்துப் பார்த்த பின்னரே வயலில் இடுகிறோம். பன்றியும் வளர்க்கும் கமக்காரர் பொலிப்பன்றியை மாத்திரம் உடற்கட்டைப் பார்த்தே தெரிந்தெடுத்துவிடுகின்றனர். உடற்கட்டு நன்றாயிருந்தும், ஈற்றைக் குறைக்கும் குறையொன்று அதனுள் மறைந்திருத்தல் கூடும்.

பன்றியின் உடற்கலம் ஒவ்வொன்றிலும் 38 நிறமூர்த்தங்கள் 19 சோடிகளாக உள்ளன. பரம்பரை இயல்புகளைக் கொண்டுசெல்பவை இவையே. சில பன்றிகளில், வெவ்வேறு சோடிகளைச் சேர்ந்த இரு நிறமூர்த்தங்கள் முறிந்து தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருக்கும். துண்டு எதுவும் இழக்கப்படாமையால் அப்பன்றி நலமாகவே வளரும். அதன் விந்தும் பெரும்பாலும் நன்றாகவே தோன்றும். ஆனால் விந்துக்கலங்கள் உண்டாகும்போது, அவற்றுள் ஏறக்குறையப் பாதியில் ஒரு துண்டு மிகையாகவும் மற்றொன்று குறைவாகவும் அமைந்துவிடும். அவற்றாலுண்டான முளையங்களிற் பெரும்பாலானவை கருப்பையிலேயே இறந்தொழியும். 11 அல்லது 12 குட்டி ஈனவேண்டிய பன்றி 6 அல்லது 7 மட்டுமே ஈனும்.

பழியோ பெண் பன்றியின்மேல் விழும். அத்தகைய பன்றியொன்றை விற்றுவிடும்படி நானும் ஒருமுறை ஆலோசனை கூறினேன். வாங்கியவர் வேறோர் ஆணுடன் சேர்த்து 11 குட்டி பெற்ற பின்னரே என் பிழை விளங்கிற்று.

இக்குறை 1964ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிற் பன்றியொன்றில் முதன்முறையாக விவரிக்கப்பட்டது. பிரான்சில், செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்கு விடப்படும் இளம் ஆண் பன்றிகளைச் சோதித்தபோது, ஆயிரத்துக்கு ஏறத்தாழ 5 பன்றிகளில் இது காணப்பட்டது. தொகை சிறிதே, எனினும் ஒரே பன்றியின் விந்து பல நூறு பெண் பன்றிகளுக்குச் செல்வதால் நட்டம் பெரிது. சோதனைக்குச் சிறிது இரத்தமே போதும். அதன் வெண்குருதிக் கலங்களை மூன்று நாளளவில் வளர்த்து, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் நிறமூர்த்தங்களைச் சோடி சோடியாக ஒப்புநோக்குவர்.

பின்லாந்தின் யோக்சயர் இனத்திற் கண்ட குறை வேறுவகையானது. அங்கே விந்துக்கலங்களின் வால் குறுகி, அசைவின்றிக் கிடந்தன. தாய் தந்தை இரண்டிடமிருந்தும் பெறப்படும் பரம்பரை அலகொன்றே காரணமென 2006இல் அறியப்பட்டது.

சோதனை வசதி இல்லாதவிடத்துக் குறிப்புப் புத்தகமே துணை. ஒவ்வோர் ஈற்றிலும் குட்டிகளின் தொகையுடன் எந்த ஆண் என்பதையும் எழுதுக. சினைப்படுத்தும் நாள் தவறினாலும், நோய் கண்டாலும், தலையீற்றாயினும் குட்டி குறையும். ஆகவே ஓர் ஈற்றைக்கொண்டு முடிவு செய்யற்க. பல பெண் பன்றிகள் ஓர் ஆணுக்கு மட்டும் குறைவாக ஈனின், அவ்வாணை நீக்குக. அதன் குட்டிகளை இறைச்சிக்கு வளர்ப்பதில் தீங்கில்லை; அவற்றுள் ஏறக்குறையப் பாதி அக்குறையைப் பெற்றிருக்குமாதலால், ஆணாயினும் பெண்ணாயினும் இனவிருத்திக்கு நிறுத்தலாகாது.