பேசினால் கம்பெனிக்குத் தெரிந்துவிடுமா?

நம்பிக்கை: “14416-க்கு போன் போட்டா நம்பரை ட்ரேஸ் பண்ணிடுவாங்க. கம்பெனிக்கும் போலீசுக்கும் தகவல் போயிடும்.”

உண்மை: போகாது. 14416 என்பது மனநல உதவிக்கான அரசு எண், உளவு பார்க்கும் எண் இல்லை.

இந்த ஒரு வதந்தியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. செவ்வாப்பேட்டை ரோடு ஸ்டேஷன் வாசலில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பையன்கள் சொல்கிறார்கள். காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் பெண்கள் சொல்கிறார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஐந்தாறு பேராக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் டிப்ளமோ ட்ரெய்னிகளும் சொல்கிறார்கள். ஆளுக்கு ஆள் ஒரு வால் வேறு முளைக்கிறது. “பாஸ்போர்ட் வராது” என்கிறார் ஒருவர். “பெர்மனென்ட் பண்ண மாட்டாங்க” என்கிறார் அடுத்தவர். “நாளைக்குப் பொண்ணு கேட்டுப் போனா தெரிஞ்சிடும்” என்கிறார் மூன்றாமவர். சரி, யாருக்கு அப்படி ஆனது என்று கேட்டால், ரூம்மேட்டின் பழைய ரூம்மேட்டுக்கு யாரோ தெரிந்தவராம். பெயர் தெரியாது, கம்பெனி தெரியாது. ஆனால் கதை மட்டும் நிச்சயம்.

தொலைபேசியில் பிறர் மனக்குறையைக் கேட்கும் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. அதனால்தான் இந்தக் கோபம். நள்ளிரவில் நான்கு எண்களை அழுத்திவிட்டு ஐந்தாவதை அழுத்தாமல் போனைக் கீழே வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைத் தடுத்தது வெட்கம் பாதி, இந்தப் புளுகு மீதி.

முதலில் சட்டத்தைப் பாருங்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, பிரிவு 23: மனநல உதவி பெறுபவரின் தகவலை வெளியே விடக் கூடாது. விதிவிலக்குகளையும் அந்தப் பிரிவே அடுக்குகிறது. நீங்களே நியமித்த பிரதிநிதி, உங்களுக்குச் சிகிச்சை தரும் மற்ற மருத்துவர்கள், யாருடைய உயிருக்காவது ஆபத்து, பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது, நீதிமன்றம் அல்லது மனநல வாரியம் போன்ற அமைப்பின் உத்தரவு, பொதுப் பாதுகாப்பு. பட்டியல் முடிந்தது. இதில் எச்.ஆர். எங்கே இருக்கிறார்? லைன் சூப்பர்வைசர் எங்கே? ஹாஸ்டல் வார்டன் எங்கே?

உயிர் போகும் நிலை என்றால் மட்டும் காப்பாற்ற ஆள் அனுப்ப முயல்வார்கள். இதை நான் மறைக்கவில்லை, மறைக்கவும் கூடாது. போன் செய்தால் எதிர்முனையில் உங்கள் எண் தெரியலாம், அதுவும் உண்மை. எரிவாயு சிலிண்டருக்கு பதிவு செய்தாலும் எண் தெரியத்தான் செய்கிறது. தெரிந்த எண்ணை மூன்றாம் ஆளுக்குக் கொடுப்பதுதான் குற்றம்.

அடுத்து, கொஞ்சம் கணக்குப் போடுங்கள். 14416 என்பது டெலி மானஸ். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று மத்திய அரசு தொடங்கியது. பெங்களூரு நிமான்ஸ் மனநல மருத்துவமனை இதன் தலைமை மையம். 20 மொழிகளில், இரவும் பகலும், காசில்லாமல் பேசலாம். இதுவரை வந்த அழைப்புகள் 20 லட்சத்துக்கும் மேல். அத்தனை அழைப்புகளையும் பிரித்து, யார் எந்த கம்பெனி, எந்த ஷிப்ட், எந்த காண்ட்ராக்டர் என்று கண்டுபிடித்துத் தகவல் அனுப்ப ஓர் அரசு இலாகா உட்கார்ந்திருக்கிறதா? ரேஷன் கார்டில் பெயர் திருத்த நாம் எத்தனை முறை அலைகிறோம் என்று யோசித்துப் பார்த்தாலே இந்த வதந்தி செத்துவிடும். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் வந்து பார்ப்பது முகவரியையும் குற்ற வழக்குகளையும். மனசு விட்டு அழுதது எந்த வழக்கிலும் சேராது.

போலீஸ் பயம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, உயிரை விட முயன்றவரை ஓராண்டு வரை சிறையில் போடலாம் என்றது. 1860-இல் வெள்ளைக்காரன் எழுதி வைத்த அந்தப் பிரிவால் எத்தனையோ குடும்பங்கள், ஆஸ்பத்திரி வாசலில் “கேஸ் ஆகிடும்” என்று நடுங்கி, நடந்ததை விபத்து என்று சொல்லி மறைத்தன. அப்பாவும் சித்தப்பாவும் பட்ட பயம் பிள்ளைகளுக்கு இறங்கியிருக்கிறது. ஆனால் காலம் மாறிவிட்டது, ஐயா. 2017 சட்டத்தின் பிரிவு 115, அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டமே போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. 309 அதில் இல்லை. அரசு ஊழியரின் கடமையைத் தடுக்கவோ அவரைப் பணிய வைக்கவோ செய்யும் தற்கொலை முயற்சிக்கு மட்டும் 226 என்று ஒரு பிரிவு இருக்கிறது. முயற்சிக்கே இதுதான் நிலை. முயற்சியே செய்யாமல் “மனசு சரியில்லை” என்று சொன்னவன் மேல் என்ன கேஸ் போட முடியும்?

இப்போது எதிர்ப்பக்கம் வருகிறேன். ரகசியம் ஒழுகும் இடம் ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. அது 14416 இல்லை, கம்பெனிக்குள்ளேயே இருக்கிறது.

ஒரு தொழிற்சாலைக்குப் பேசப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். “எங்ககிட்ட எல்லாம் இருக்கு மேடம்” என்று பெருமையாகச் சுற்றிக் காட்டினார்கள். பஞ்சிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி. மேலே ‘உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள், பெயர் தேவையில்லை’ என்று அட்டை. பெட்டிக்கு நேர் மேலே சிசிடிவி கேமரா. பூட்டின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் கோடு போடலாம். கவுன்சிலிங் அறை எச்.ஆர். அலுவலகத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் ஒரு ரிஜிஸ்டர்: எம்ப்ளாயி நம்பர், டிபார்ட்மென்ட், வந்த காரணம். காரணம் என்ற கட்டத்தில் ‘தலைவலி’, ‘தலைவலி’, ‘தலைவலி’ என்று வரிசையாக எழுதியிருந்தது. பிள்ளைகள் புத்திசாலிகள். முகம் தெரியாத உதவிக்குப் பயப்படுகிற அதே பிள்ளைகள், முகம் தெரிகிற உதவியிடம் பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள்.

பெயர் கேட்காமல், குற்றம் சொல்லாமல் காது கொடுக்கும் சேவை என்பது அட்டை எழுதி ஒட்டுவதால் வராது. கேட்பவருக்கும் உங்கள் சம்பளத்துக்கும் எந்த முடிச்சும் இருக்கக் கூடாது. உங்கள் லீவை அனுமதிப்பவர், உங்கள் ரிப்போர்ட்டில் கையெழுத்து போடுபவர், உங்கள் ரூமைப் பூட்டுபவர், இவர்கள் மூவரும் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் அந்த நாற்காலியில் உட்காரத் தகுதியில்லாதவர்கள்.

இதைச் சென்னை 1986-லேயே புரிந்துகொண்டது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் அந்த ஆண்டு தொடங்கிய சிநேகா அமைப்பில் போனை எடுப்பவர்கள் தொண்டர்கள். பெயர் சொல்ல வேண்டியதில்லை. புத்திமதி கிடையாது, “உன்னைவிடக் கஷ்டப்படறவங்களைப் பாரு” என்ற பழைய பல்லவி கிடையாது. 1974-இல் கொழும்பில் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும் இதே வழி. பயிற்சியில் தொண்டர்களுக்கு நான் முதலில் மறக்கச் சொல்வதும் புத்திமதியைத்தான். அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். “வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியலை, வேலையை விட்டுடலாம்னு இருக்கு” என்று ஒருவன் சொன்னதும் நமக்குள் இருக்கும் பெரியப்பா துள்ளி எழுந்துவிடுவார். அவரை உட்கார வைத்துவிட்டு, “ரொம்ப நாளா இப்படித்தான் இருக்கா?” என்று கேட்கப் பழகப் பல வாரங்கள் ஆகும்.

மற்ற நம்பிக்கைகளை வேகமாக முடித்துவிடுகிறேன்.

நம்பிக்கை: “சாகணும்னு தோணுதான்னு கேட்டா, இல்லாத எண்ணம் வந்துடும்.”

உண்மை: வராது. நியூயார்க் மாநிலத்தில் 2,342 பள்ளி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தி 2005-இல் வெளியிட்டார்கள். நேராகக் கேட்கப்பட்டவர்களுக்கு அப்படிப்பட்ட எண்ணமோ வேதனையோ கூடவில்லை. கேளுங்கள். மூடி மழுப்பாமல் கேளுங்கள்.

நம்பிக்கை: “சும்மா பேசறதால என்ன ஆகப் போகுது?”

உண்மை: சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து ஊர்களில், ஏற்கெனவே ஒருமுறை முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரை உலக சுகாதார நிறுவனம் 18 மாதம் தொடர்ந்து கவனித்தது. ஒரு பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மறுபாதிக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடல், பிறகு அவ்வப்போது போனிலோ நேரிலோ நலம் விசாரிப்பு. தற்கொலையால் இறந்தவர்கள் முதல் பிரிவில் 2.2 சதவீதம், இரண்டாவதில் 0.2 சதவீதம். ‘சும்மா’ பேசியதன் பலன் இது.

நம்பிக்கை: “ஆம்பளை இதையெல்லாம் வெளியே சொல்லலாமா?”

உண்மை: 2022-இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டவர்கள் 1,70,924 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். பத்தில் ஏழு பேர் ஆண்கள். மொத்தத்தில் கால்வாசிப் பேர் தினக்கூலிகள். சொல்லாமல் இருந்த லட்சணம் இது.

நம்பிக்கை: “இன்ஸ்டாவில் ஃபேக் ஐடி இருக்கு, அங்கேயே புலம்பிக்கலாம்.”

உண்மை: புலம்புங்கள், தடையில்லை. ஆனால் அங்கே பதில் சொல்பவனும் ஃபேக் ஐடிதான். அவனை யாரும் பயிற்றுவிக்கவில்லை.

கடைசியாக, நான் போகிற இடமெல்லாம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொள்ளும் விஷயம். போன் நம்பர் இருக்கிறது. பேச இடம் எங்கே? ஆறு பேர் படுத்திருக்கும் அறையில், நைட் ஷிப்ட் முடித்து வந்த இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, எந்தப் பெண் வாய் திறப்பாள்? சில விடுதிகளில் இரவு பத்து மணிக்குப் போனையே வாங்கி வைத்துவிடுகிறார்கள். மனசு கனப்பதோ பெரும்பாலும் பத்துக்கு மேல்தான். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் அரசு திறந்த பெண் தொழிலாளர் குடியிருப்பில் 18,720 பேர் தங்கலாம். 706.50 கோடி ரூபாய்ச் செலவு, 13 கட்டடங்கள், ஒவ்வொன்றும் பத்து மாடி, அறைக்கு ஆறு பேர். நல்ல காரியம், மறுக்கவில்லை. இனிக் கட்டுகிற ஒவ்வொன்றிலும், மாடிக்கு ஓர் அறை, ஆள் ஒருவர் மட்டும் உட்காரும் அளவுக்கு, உள்ளே தாழ்ப்பாள், வெளியே ரிஜிஸ்டர் கிடையாது, கேமரா கிடையாது என்று விதி போடுங்கள். மொபைல் சார்ஜருக்கு ஒரு பிளக் பாயின்ட் போதும். துணி காயப்போடவும் டூ-வீலர் நிறுத்தவும் இடம் ஒதுக்கத் தெரிந்த கம்பெனிகளுக்கு இது கட்டுப்படியாகாது என்று யாரும் என்னிடம் வர வேண்டாம். தொழிற்சங்கங்களும் போனஸ் பேச்சுவார்த்தையில் இதை ஒரு கோரிக்கையாக வைக்கலாம். ஒரு நாற்காலிக்கும் ஒரு கதவுக்கும் ஸ்டிரைக் வரை போகத் தேவையிருக்காது.

அதுவரை பாத்ரூமோ, மொட்டை மாடியோ, ஸ்டேஷன் பிளாட்பாரத்தின் பெஞ்சோ, கிடைத்த இடத்திலிருந்து பேசுங்கள். 14416. தமிழ்நாடு அரசின் 104. சிநேகா 044-24640050. பெயர் சொல்லப் பிடிக்காவிட்டால் சொல்லாதீர்கள். கம்பெனி பெயர் கேட்டால், எதற்கு என்று திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அடுத்த முறை யாராவது “ட்ரேஸ் பண்ணிடுவாங்க” என்று ஆரம்பித்தால், பிரிவு 23 என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிடுங்கள்.