தேரையின் பெயர் வரலாறு

கெங்கவல்லி வயல்களில் மழை பெய்த மாலையில் வெளிப்படும் சொறித்தவளையைக் கண்டு அருவருப்பவர் பலர். தேங்காய் உள்ளீடின்றி யிருப்பினும் 'தேரை விழுந்தது' என்று அதன்மேற் பழி சுமத்துகின்றோம். பிராணிநூலார் இதற்குப் பெயரிட்ட வரலாற்றை நாம் சிறிது ஆராய்வோம்.

1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்பார் தவளை, தேரை யாவற்றையும் 'ராணா' என்னும் ஒரே பேரினத்துள் அடக்கினார். பின்வந்தோர் தேரைகளைப் பிரித்துப் 'பூபோ' என வகுத்தனர். 1799-இல், கிரேக்க அகராதி இயற்றிய ஜெர்மானியப் புலவராகிய ஷ்னைடர், நம் தேரைக்குப் 'பூபோ மெலனோஸ்டிக்டஸ்' என்று பெயரிட்டார். 'கரும்புள்ளி யுடையது' என்பது பின்மொழியின் பொருள்.

2006-இல் ஃப்ராஸ்ட் முதலிய அறிஞர் தேரைகளின் உறவுமுறையை ஆய்ந்து, இந்தியத் தவளைநூல் வல்லுநர் சுசீல் குமார் தத்தாவைச் சிறப்பிக்குமாறு 'தத்தாபிரைனஸ்' என்னும் பேரினத்தில் இதனைச் சேர்த்தனர். பேரினம் மாறியமையால் ஷ்னைடர் பெயர் இப்பொழுது அடைப்புக்குறிக்குள் எழுதப்படும். 'மெலனோஸ்டிக்டஸ்' என்பதோ மாறவில்லை.

முன்னோர் கண்டதைப் பேணிப் பிழையை மட்டும் திருத்துதலே வகைநூலின் நெறியாம். நாமும் அங்ஙனமே திருந்துவோமாக. இரவெல்லாம் பூச்சிகளை யுண்டு உழவர்க்கு உதவும் இவ்வுயிரின்மேற் சுமத்திய வீண்பழியை இனியேனும் நீக்குதல் நம் கடனன்றோ?