விடியற்காலைச் சளி: நிறத்தோடு நாளையும் எண்ணுங்கள்

காஞ்சிபுரத்தை அடுத்த செய்யாற்றங்கரையில் உள்ள மாகறல் போன்ற நெல் விளையும் ஊர்களில், அறுவடைக்குப் பின் களத்து வேலை மும்முரமாக இருக்கும். கதிரடித்துத் தூற்றிய மறுநாள் காலையில், இருமும்போது கறுத்தோ மஞ்சளாகவோ சளி வருவதுண்டு. "தூசிச் சளிதானே" என்று சிலர் மாதக்கணக்கில் விட்டுவிடுகின்றனர். சிலர் நிறத்தைக் கண்டு அஞ்சி, கடையில் மாத்திரை வாங்கி விழுங்குகின்றனர். இரண்டுமே தவறாகும்.

காலையில் வருவது ஏன்?

மூச்சுக்குழாயில் ஊறும் கோழை, தூசியையும் கிருமியையும் பிடித்துக்கொள்கிறது. இரவில் இருமல் குறைவதால் அது தேங்கி, எழுந்ததும் வெளிவருகிறது.

நிறம் காட்டுவது என்ன?

கறுப்பு, சாம்பல்: களத்துத் தூசி, அடுப்புப் புகை, கரித்தூள் ஆகியவை காரணமாகலாம். தூசி வேலை நின்றால் சில நாட்களில் தெளியும்.

மஞ்சள், பச்சை: கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் சேர்ந்துள்ளன என்று பொருள். சாதாரணச் சளியிலும் இந்நிறம் வரும். எனவே இதை மட்டும் கொண்டு மாத்திரை வாங்கக் கூடாது.

பழுப்பு: பீடிப் புகையாகவோ பழைய இரத்தமாகவோ இருக்கலாம். மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சிவப்பு: இரத்தம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பூசண வைக்கோல்

ஈரத்தோடு போர் போட்ட வைக்கோல் உள்ளே சூடேறிப் பூசணம் பிடிக்கும். அதைப் பிரிக்கும்போது எழும் தூசியைச் சுவாசித்த சில மணி நேரத்தில் குளிர், காய்ச்சல், வறட்டு இருமல், மூச்சிறைப்பு உண்டாகலாம். திரும்பத் திரும்ப வந்தால் நுரையீரல் நிரந்தரமாகப் பழுதடையும். வைக்கோலை நன்கு காயவைத்தே போர் போட வேண்டும்.

இரண்டு வாரமே எல்லை

எந்த நிறமாயினும் இருமல் இரண்டு வாரம் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, இரவு வியர்வை இருந்தால் காத்திருக்க வேண்டாம். அது காசநோயாக இருக்கலாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பரிசோதிக்க வழி உண்டு. விடியற்காலைச் சளியில் கிருமி கூடுதலாக இருக்கும் என்பதால், அதையே கொண்டுவரச் சொல்வார்கள்.

காசநோய் என்றால் நிலத்தையும் வீட்டையும் விட்டு ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டுமே என்ற அச்சம் இன்றும் பலரைத் தடுக்கிறது. இதற்குப் பதில் சென்னையிலேயே கிடைத்தது. அங்கு 1956-ல் தொடங்கப்பட்ட காசநோய் ஆராய்ச்சி மையம், சிலருக்கு வீட்டிலும் சிலருக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்து ஒப்பிட்டது. ஏழைக் குடும்பங்களில்கூட வீட்டுச் சிகிச்சை ஏறத்தாழ அதே பலன் தந்தது என 1959-ல் வெளியான முடிவு காட்டியது. உலக நாடுகளின் சிகிச்சை முறையையே அது மாற்றியது.

இன்று பெரும்பாலோருக்கு ஆறு மாத மருந்து போதும். அரசு இலவசமாகத் தருகிறது. சத்துணவுக்கான உதவித்தொகை 2024 நவம்பர் முதல் மாதம் ரூ.1,000 ஆகும். இருமல் நின்றதும் பாதியில் விட்டால், மருந்துக்குக் கட்டுப்படாத கிருமி உருவாகலாம்.

களத்தில் கவனிக்க

1. காற்று முதுகுப்புறம் வீச நின்று தூற்றவும்.
2. மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடவும். இல்லையேல் துணியை மடித்துக் கட்டவும்.
3. வேலை நாட்களில் பீடியைத் தொட வேண்டாம். அடியோடு விடுவது மிக நன்று.
4. களத்திலும் வரப்பிலும் சளி துப்பக் கூடாது.

பயிரில் இலை பழுத்தால் எத்தனை நாளாக என்று கேட்பது உழவர் வழக்கம். தம் இருமலுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்வது நலம்.