விபத்து நடந்த நாளிலிருந்தே கெடு ஓடுகிறது

கட்டுப் பிரித்து, பிசியோதெரபி முடித்து, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் பலரும் இழப்பீட்டைப் பற்றி யோசிக்கிறார்கள். சட்டம் அதுவரை காத்திருப்பதில்லை. சாலை விபத்தில் அடிபட்டவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் 6 மாதத்துக்குள் மனு தாக்கல் செய்ய வேண்டும். அந்த 6 மாதம் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல, விபத்து நடந்த நாளிலிருந்து.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் முதலில் இருந்த இந்தக் கெடுவை 1994-இல் நீக்கினார்கள். 2019 திருத்தம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. "எங்க சித்தப்பா மூணு வருஷம் கழிச்சுப் போட்டும் பணம் வந்துச்சே" என்று யாராவது சொன்னால், அது இடைப்பட்ட காலத்துக் கதையாக இருக்கும். தொடை எலும்பு முறிந்து படுத்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு 6 மாதம் போதவே போதாது என்பது என் கருத்து. கெடுவை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தாமதத்தைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவும் வந்தது. ஆனால் அது இடைக்கால உத்தரவுதான். அதை நம்பி நாளைக் கடத்தாதீர்கள்.

நாள் கடப்பது பெரும்பாலும் சோம்பலால் அல்ல. போலீஸ் கேஸ் முடியட்டும் என்று காத்திருக்கிறார்கள். அது தனி வழக்கு, அதற்காக இழப்பீட்டு மனு நிற்க வேண்டியதில்லை. ஊனச் சான்றிதழ் வரட்டும் என்கிறார்கள். அதை விசாரணையின்போதும் தாக்கல் செய்யலாம். எல்லாவற்றிலும் மோசமானது சமரசப் பேச்சு. வண்டிக்காரர் தரப்பு மாதாமாதம் "பேசி முடிச்சுக்கலாம்" என்று இழுக்கும், கெடு முடிந்ததும் போனை எடுக்காது. பேசுங்கள், ஆனால் மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள்.

எஃப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு (ஏ.ஆர்.) காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து பில்கள், சம்பளச் சீட்டு ஆகியவை கையில் இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். பாதிக்கப்பட்டவருக்கு எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம். விபத்து வெளியூரில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலேயே மனு போடலாம்.

லாரி டிரைவர், டெலிவரி ஊழியர் போல வேலை நேரத்தில் அடிபட்டவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலாளியிடம் கேட்கும் ஊழியர் இழப்பீட்டுக்கு 1923-ஆம் ஆண்டுச் சட்டம் 2 ஆண்டு அவகாசம் தந்தது. இப்போது அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு வந்திருக்கிறது. ஒரே விபத்துக்கு இரண்டு வழியிலும் இழப்பீடு வாங்க முடியாது. எது லாபம் என்பதை வக்கீலிடம் கேட்டு முடிவு செய்யுங்கள், ஆனால் அந்த 6 மாதம் முடிவதற்குள் செய்யுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு கிடையாது. அழைக்க வேண்டிய எண் 15100.