கணக்கு உதைத்தால்…

1. வீட்டுக் கணக்கை இரண்டு முறை கூட்டியும் தொகை ஒத்துவரவில்லையா? வித்தியாசத்தை எடுங்கள். அது 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 73 ரூபாயை 37 என்று எழுதினால் 36 உதைக்கும். 36-ஐ 9-ஆல் வகுத்தால் 4. அப்படியானால், கடைசி இரண்டு இலக்கங்களுக்குள் 4 வித்தியாசம் உள்ள வரிகளை முதலில் பாருங்கள். 900 உதைத்தால் ஆயிரத்தையும் நூறையும் பாருங்கள். 5,480 என்பது 4,580 ஆகியிருக்கலாம். நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைக்க வேண்டிய குறிப்பு இது.

2. பெருக்கலைச் சரிபார்க்க, இலக்கங்களை ஒற்றை இலக்கம் வரும்வரை கூட்டுங்கள். 347 × 28 = 9,716. இதில் 347-க்கு 5, 28-க்கு 1, பெருக்கினால் 5. விடைக்கும் 5 வருகிறது. வராவிட்டால் விடை நிச்சயம் தவறு. வந்தாலும் முழுதாக நம்பிவிடக் கூடாது. 9,761 என்று மாற்றி எழுதியிருந்தாலும் 5-தான் வரும்.

3. இலக்கங்களின் கூட்டுத்தொகை 3-ஆல் வகுபட்டால் மூன்று பேருக்குச் சமமாகப் பிரியும். நான்கு பேர் என்றால் கடைசி இரண்டு இலக்கம், எட்டுப் பேர் என்றால் கடைசி மூன்று இலக்கம் பார்த்தால் போதும். 1,37,256 ரூபாய் மூன்று வகையிலும் சில்லறை மிஞ்சாமல் பிரியும்.

4. ஏழு பேர் என்றால்தான் திணறுவோம். 7 × 11 × 13 = 1,001 என்பது இங்கே கைகொடுக்கும். 2,38,245-ல் கடைசி மூன்று இலக்கமான 245-லிருந்து முன்னால் உள்ள 238-ஐக் கழித்தால் 7. எனவே முழுத்தொகையும் 7-ஆல் வகுபடும், தலைக்கு 34,035. பத்து லட்சத்துக்கு மேல் போனால் நம் கமாவை மறந்துவிட்டு, வலமிருந்து மும்மூன்றாகப் பிரித்து, மாற்றி மாற்றிக் கழித்துக் கூட்டுங்கள்.

5. பொட்டலத்தின் பார்கோடில் உள்ள 13 இலக்கங்களில் 2, 4, 6 என இரட்டை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டி 3-ஆல் பெருக்குங்கள். மற்றவற்றையும் சேர்த்தால் கடைசியில் 0 வர வேண்டும். 8901234567890-க்கு 130 வரும். குழந்தைகளுக்குக் கூட்டல் பழக்க நல்ல வழி.

6. ஆதாரின் 12-வது இலக்கம் முந்தைய 11 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரண்டு இடம் மாறினாலும் கணினி கண்டுபிடித்துவிடும். எல்லா வங்கிக் கணக்கு எண்களுக்கும் பொதுவாக இப்படி ஒரு சோதனை இல்லை. பணம் அனுப்புமுன் வீட்டில் ஒருவரை எண்ணை உரக்கப் படிக்கச் சொல்லி, நீங்கள் ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டுப் பாருங்கள்.