வெளியூரில் வாங்கிய லாண்ட்மாஸ்டர்: யார் திருத்தித் தருவது?

கேள்வி: சிறுபோக உழவுக்கென்று தம்புள்ளையில் ஒரு கடையில் புது லாண்ட்மாஸ்டர் எடுத்தேன். இங்கத்தைய விலையைவிடக் குறைவு. இரண்டு மாதம்கூட ஆகவில்லை, இரண்டாம் கியர் நிற்காமல் கழன்று விழுகிறது. கிளிநொச்சியில் அதே கம்பனியின் முகவரிடம் கொண்டுபோனேன். "வாங்கின இடத்திலேயே குடுங்கோ" என்கிறார். ஒரு வருட வொரண்டி இருக்கிறது ஐயா. என்ன செய்யலாம்?
- விவசாயி, ஒட்டுசுட்டான்

பதில்: முதலில் வொரண்டி அட்டையை எடுத்து, உத்தரவாதம் தருவது யார் என்று பாருங்கள். இயந்திரத்தை நாட்டுக்குள் இறக்கிய கம்பனி தந்த அட்டை என்றால், தம்புள்ளையில் வாங்கினாலும் தங்காலையில் வாங்கினாலும் பொறுப்பு அந்தக் கம்பனிக்குத்தான். கடைக்காரர் தன் சீலைக் குத்தித் தந்த சொந்த அட்டை என்றால் கிளிநொச்சி முகவரைக் குறைசொல்ல முடியாது. மதவாச்சி தாண்டித் திரும்பத் தம்புள்ளைக்கே ஏற்ற வேண்டியதுதான். விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கம்பனி அட்டைதான் என்று வைத்துக்கொள்வோம். பிறகு ஏன் முகவர் தட்டிக்கழிக்கிறார்? உத்தரவாதத்தில் செய்யும் வேலைக்குக் கூலியும் உதிரிப்பாகமும் அவருக்குக் கம்பனியிடம் இருந்து வரவேண்டும். விற்ற இலாபமோ வேறு கடைக்குப் போய்விட்டது. பத்திரம் சரியில்லை என்று கம்பனி மறுத்தால் கைநட்டம் இவருக்கு. ஆகவே அவரோடு வாய்த்தர்க்கம் வேண்டாம். கம்பனியின் சேவைப் பிரிவுக்கு எழுதுங்கள். பில், வொரண்டி அட்டை இரண்டின் பிரதி, எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம், பழுது தெரிந்த நாள் எல்லாம் இருக்கட்டும். கிளிநொச்சியிலேயே பார்க்கும்படி அவர்களிடமிருந்து எழுத்தில் ஒரு வரி வந்தால் முகவருக்கும் தயக்கம் போய்விடும்.

முதல் சேர்விஸ் செய்வித்தீர்களா? லாண்ட்மாஸ்டரில் ஓடிய மணித்தியாலம் காட்டும் மீற்றர் பெரும்பாலும் இருப்பதில்லை. எண்ணெய் மாற்றியதற்கு அட்டையில் விழுந்த கையெழுத்துத்தான் சாட்சி. இன்னொன்று, இதைத்தான் அழுத்திச் சொல்கிறேன்: முத்தையன்கட்டு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதே என்ற அவசரத்தில் ஊர் மெக்கானிக்கைக் கொண்டு கியர்ப் பெட்டியைத் திறக்காதீர்கள். அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம். ஆனால் மூடியின் விளிம்பில் புதுப் பசை பிதுங்கி நிற்பதைக் கண்டால், "வெளியில கழட்டியிருக்கு" என்று கம்பனி ஆள் கதையை முடித்துவிடுவார். உழவுக்கு ஒரு மெசினை வாடகைக்குப் பிடியுங்கள். பெல்ற், ரயர், சுழல் கத்தி போன்ற தேயும் சாமான்களைக் கம்பனிக்கு எழுதும் கடிதத்தில் சேர்க்க வேண்டாம். அவை பொதுவாக உத்தரவாதத்துக்குள் வருவதில்லை.

கம்பனியும் கைவிரித்தால், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை விற்றவர்மீது முறையிட இடம் தருகிறது. விசாரித்து, நட்டஈடு கொடுக்கவோ பொருளை மாற்றிக் கொடுக்கவோ பணத்தைத் திருப்பவோ சபை கட்டளையிடலாம். தமிழிலேயே எழுதலாம். விபரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். ஆனால் முறைப்பாடு எழுத்தில், விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் போய்ச்சேர வேண்டும். அட்டையில் ஒரு வருடம் இருக்கிறதே என்று பலர் ஆறுதலாக இருந்து இந்தத் தவணையைத் தவறவிடுகிறார்கள். உங்களுக்கு இரண்டு மாதம் போய்விட்டது. கம்பனியின் பதிலுக்குக் காத்திராமல், இரண்டு கடிதங்களையும் இந்தக் கிழமையே பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பற்றுச்சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.